செயின் நீள்வதில்லை

சீனாவில் தயாராகும் சைக்கிள் எஞ்சின் கிட் ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய இரட்டை வீச்சு எஞ்சின், குட்டி பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர், சைலன்சர், பின்சக்கரத்தில் மாட்ட 44 பல் கொண்ட பல்சக்கரம், அதை ஸ்போக்ஸ் கம்பிகளோடு சேர்த்துப் பிடிக்க இரண்டு ரப்பர் வட்டங்கள், ஒரு செயின். அமெரிக்காவில் இதை வாங்கி, சாதாரண சைக்கிளில் தாங்களே பொருத்தி ஓட்டுகிற பெருங்கூட்டம் இருக்கிறது. பெட்டியைத் திறந்த கையோடு அவர்களில் பலர் செய்யும் முதல் வேலை, கூட வந்த செயினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்குவது. கேட்டால், "அது அறுந்துவிடும்" என்பார்கள்.

அறுந்துவிடுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

80 சிசி என்று சொல்லி விற்கப்படும் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 47 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38 மி.மீ. பெருக்கினால் வருவது 66 சிசிதான். மீதி 14 சிசி விற்பவரின் தாராள மனது. இதன் திறனை இரண்டு குதிரைத்திறன், அதாவது 1,500 வாட் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினுக்குள்ளேயே ஒரு கியர் ஜோடி வேகத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 10 பல் கொண்ட சிறிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. 26 அங்குலச் சக்கரம் கொண்ட சைக்கிள் மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,800 சுற்றும், அந்தச் சிறிய சக்கரம் 1,400 சுற்றும் சுற்றும். செயின் ஓடும் வேகம் விநாடிக்கு 3 மீட்டர். திறனை வேகத்தால் வகுத்தால் இழுவிசை கிடைத்துவிடும்: 500 நியூட்டன். ஐம்பது கிலோ மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் செயினில் விழும் இழுப்பு அவ்வளவுதான்.

இப்போது அதே சைக்கிளின் மறுபக்கம் வருவோம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் மேட்டில் ஏறும்போது சீட்டை விட்டு எழுந்து, ஒரு பெடல் மீது முழு எடையையும் போட்டு மிதிக்கிறார். பெடல் தண்டின் நீளம் 170 மி.மீ. முன்பல்சக்கரத்துக்கு 44 பல் என்றால் அதன் ஆரம் 89 மி.மீ. நெம்புகோல் விதிப்படி பெடல் செயினில் விழும் இழுப்பு 134 கிலோ எடைக்குச் சமம். எஞ்சின் இழுப்பதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! பெட்ரோல் குடிக்காத, புகை விடாத, சத்தம் போடாத ஒரு மனிதக்கால் 66 சிசி எஞ்சினைவிட வலுவாகச் செயினை இழுக்கிறது. அதையும் அந்த ஒல்லியான சைக்கிள் செயின் ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது.

ஒரு நேர்மையான ஆட்சேபம் உண்டு. 500 நியூட்டன் என்பது சராசரி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் சீராக இழுப்பதில்லை. அந்த வேகத்தில் விநாடிக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் தடவை வெடித்து வெடித்து உந்துகிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் இழுப்பு சராசரியைவிடப் பல மடங்கு எகிறும். மிதித்து வேகமெடுத்து கிளட்சை விட்டு எஞ்சினை உயிர்ப்பிக்கும்போது வரும் வெட்டு வேறு. எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டாலும், 41-ஆம் எண் என்று அழைக்கப்படும் எளிய செயினுக்கே அமெரிக்கத் தரம் விதிக்கும் குறைந்தபட்ச இழுவலிமை 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ. ஒழுங்காகச் செய்யப்பட்ட செயின் வெறும் இழுப்பில் அறுவது அரிது.

அப்படியானால் இவர்களுடைய செயின்கள் ஏன் பாழாகின்றன? விடை செயினின் வலிமையில் இல்லை. யார் கண்ணுக்கும் படாத ஓர் இடத்தில் இருக்கிறது.

செயினில் ஒரு கண்ணியை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் வெளித்தகடு இரண்டு, உள்தகடு இரண்டு, அவற்றை ஊடுருவி நிற்கும் ஆணி, ஆணியைச் சுற்றி ஒரு சின்னக் குழாய், குழாயின் மேல் தளர்வாகச் சுழலும் உருளை இருக்கும். அந்தக் குழாய்க்குப் பெயர் புஷ். செயினின் வரலாறே இந்தப் புஷ்ஷின் வரலாறுதான். லியனார்டோ டா வின்சியின் குறிப்பேட்டில் செயின் படங்கள் இருக்கின்றன. 1864-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்லேட்டர் ஒரு செயினுக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்லேட்டரின் சிறு தொழிற்சாலையை 1879-இல் விலைக்கு வாங்கினார் ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிஸ்காரர். நெசவாலைகளுக்குச் செயின் செய்துகொடுத்த இடம் அது, மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபர்டில். அடுத்த ஆண்டே, 1880-இல், ரெனால்ட் புஷ் வைத்த உருளைச் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார்.

அவர் கண்ட மாற்றம் மிகச் சின்னது. அதற்கு முன் ஆணி சுழன்று உரசியது மெல்லிய தகட்டின் துளை விளிம்பில்தான். சுமை முழுவதும் அந்த மெல்லிய விளிம்பின் மீது விழுந்தது. தகடு ஆணியை அரித்தது, ஆணி துளையை அரித்தது. ரெனால்ட் இரண்டு உள்தகடுகளையும் ஒரு குழாயால் இணைத்து, ஆணியை அந்தக் குழாய்க்குள் சுழலவிட்டார். சுமை குழாயின் முழு நீளத்துக்கும் பரவியது. இன்று சைக்கிளிலும் பைக்கிலும் ஆலைகளிலும் ஓடும் உருளைச் செயின்களின் அடிப்படை வடிவம் அதுவே. 140 ஆண்டுகளில் எஃகு மாறியது, வெப்பப் பதப்படுத்தல் மாறியது, வடிவம் அசையவில்லை.

சுருக்கமாகச் சொன்னால் செயின் என்பது நூற்றுப் பத்து கீல்களை வரிசையாகக் கோத்தது. கீல் எப்போது தேயும்? மடங்கும்போதுதான். நேராக ஓடும் செயினில் எந்த உரசலும் இல்லை. பல்சக்கரத்தின் மீது ஏறும்போது ஒவ்வொரு கண்ணியும் மடங்குகிறது, இறங்கும்போது மறுபடி நிமிர்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு அசைவு. எவ்வளவு மடங்கும் என்பதைப் பற்களின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது: 360-ஐப் பற்களால் வகுக்க வேண்டும். பின்னால் இருக்கும் 44 பல் சக்கரத்தில் எட்டு டிகிரி. முன்னால் எஞ்சினில் இருக்கும் 10 பல் சக்கரத்தில் 36 டிகிரி!

இதே சைக்கிளின் மிதிப்பக்கத்தில் மிகச் சிறிய சக்கரத்துக்கே 18 பல் இருக்கும். மடங்குவது 20 டிகிரி. மிதிப்பவர் நிமிடத்துக்கு அறுபது தடவை மிதித்தாலும் செயின் விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல்தான் நகரும். எஞ்சின் செயினோ விநாடிக்கு 3 மீட்டர். 110 கண்ணி கொண்ட செயினின் நீளம் 1.4 மீட்டர் என்பதால், அது விநாடிக்கு இரண்டு தடவைக்கு மேல் முழுதாகச் சுற்றி வருகிறது. மணிக்கு ஏழாயிரத்து எழுநூறு சுற்று. ஒவ்வொரு கண்ணிக்கும் மணிக்கு முப்பதாயிரம் அசைவு. அவற்றில் மிக மோசமான அசைவு எஞ்சின் சக்கரத்தில் ஏறும் கணத்தில் நிகழ்கிறது. முழு இழுப்பையும் சுமந்தபடி 36 டிகிரி திரும்ப வேண்டியிருக்கிறது. கால் கொடுக்கும் இழுப்பு பெரிது, அசைவு குறைவு. எஞ்சின் கொடுக்கும் இழுப்பு சிறிது, அசைவு ஓயாதது. செயினைத் தின்பது இந்த ஓயாமைதான்.

பத்துப் பல்லுக்கு இன்னொரு குறையும் உண்டு. பல்சக்கரத்தை நாம் வட்டம் என்று நினைக்கிறோம். செயினுக்கு அது வட்டமில்லை, பலகோணம். 10 பல் என்றால் பத்துப் பக்கம். எஞ்சின் சீரான வேகத்தில் சுற்றினாலும், பலகோணத்தின் முனை மேலே வரும்போது செயின் வேகமாகவும், பக்கம் மேலே வரும்போது மெதுவாகவும் இழுபடும். ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 5 சதவீதம். விநாடிக்கு இருநூற்றுச் சொச்சம் தடவை இந்தக் குலுக்கல். 17 பல்லாக இருந்தால் அது 1.7 சதவீதமாகக் குறையும். 44 பல்லில் கால் சதவீதம்தான். ஆலை எந்திரங்களை வடிவமைப்பவர்கள் சிறிய சக்கரத்துக்குக் குறைந்தது 17 பல் வேண்டும் என்பது சும்மா இல்லை. கிட் தயாரிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. முன்னால் 17 பல் வைத்தால் பின்னால் 75 பல் வேண்டும். அதற்குச் சைக்கிளில் இடம் ஏது?

எண்ணிக்கையில் இன்னொரு வேடிக்கையும் ஒளிந்திருக்கிறது. 110 கண்ணி, 10 பல். பத்தால் நூற்றுப்பத்து மீதமின்றி வகுபடும். ஆகவே ஒவ்வொரு பல்லும் ஆயுள் முழுக்க அதே பதினொரு கண்ணிகளையே சந்திக்கும். ஒரு கண்ணியில் குறை இருந்தால் அது போய் இடிப்பது எப்போதும் அதே பல்லை. பற்களின் எண்ணிக்கைக்கும் கண்ணிகளின் எண்ணிக்கைக்கும் பொதுவான வகுஎண் இல்லாவிட்டால் இந்தச் சந்திப்பு சுழன்றுகொண்டே இருக்கும், தேய்மானம் எல்லாருக்கும் பங்காகும். 10, 44 என்று இரண்டுமே 110-ஓடு பொது வகுஎண் கொண்ட இந்தக் கிட்டில் அந்தப் பங்கீடு இல்லை.

"செயின் நீண்டுவிட்டது" என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வார். தகடுகள் ரப்பர் போல இழுபட்டுவிட்டன என்றே நாமும் நினைத்துக்கொள்கிறோம். தகடு நீளவே இல்லை. ஆணியும் புஷ்ஷும் உரசித் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. 24 கண்ணிகளின் நீளம் புதுச் செயினில் 304.8 மி.மீ., சரியாகப் பன்னிரண்டு அங்குலம். அது 3 மி.மீ. கூடியிருந்தால் ஒரு சதவீதத் தேய்மானம். ஒரு மூட்டுக்கு வகுத்தால் 0.127 மி.மீ., தலைமுடியின் தடிமனை ஒட்டிய அளவு. 110 மூட்டுகளிலும் அது சேரும்போது செயின் 14 மி.மீ. தளர்ந்து, ஒரு கண்ணி நீளத்துக்கு மேல் தொங்குகிறது. இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், தேய்ந்த செயினிலும் எல்லாக் கண்ணியும் நீள்வதில்லை. உள்கண்ணியின் இரு புஷ்களும் தகட்டில் இறுகியிருப்பதால் அதன் நீளம் அப்படியே இருக்கும். வெளிக்கண்ணிகளின் இடம்தான் அகலும். ஒன்று விட்டு ஒன்று நீண்ட செயின் அது. பல்சக்கரத்தில் அது உட்காரும்போது கரகரக்கக் காரணம் இந்த நொண்டி நடை.

ஆக, கிட்டோடு வரும் செயின் நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது அந்த ஆணியின் மேற்பரப்பும் புஷ்ஷின் உட்பரப்பும் எவ்வளவு கடினப்படுத்தப்பட்டவை என்பதே. அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பளபளப்பும் எடையும் எதையும் காட்டாது. தயாரித்தவர் பெயரே பதிக்காத செயினை நம்பாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். "மெலிதாக இருக்கிறது, அறுந்துவிடும்" என்பது காரணமே இல்லை.

மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் தவறு செய்யும் இடம் இதுதான். தடிமனான செயின் வலுவானது என்று நம்பி 41-ஆம் எண்ணை வாங்குகிறார்கள். செயின் எண்ணுக்கு ஒரு இலக்கணம் உண்டு. கிட்டோடு வருவது 415. முதல் இலக்கம் கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம், எட்டில் ஒரு அங்குலக் கணக்கில்: நான்கு என்றால் அரை அங்குலம், 12.7 மி.மீ. அடுத்த இரண்டு இலக்கம் உள் அகலம்: 15 என்றால் எட்டில் ஒன்றரைப் பங்கு அங்குலம், ஏறக்குறைய 4.8 மி.மீ. ஸ்ப்ளெண்டர் வகை பைக்குகளில் ஓடும் 428-இன் முதல் இலக்கத்தையும் இதே முறையில் படிக்கலாம், அகலத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு தோராயம்தான். தூரம் அதேதான், அகலம் மட்டும் கிட்டத்தட்ட 8 மி.மீ. 41-ஆம் எண் ஆலைச் செயின் வேறு முறையில் பெயரிடப்பட்டது என்றாலும் தூரம் அதே அரை அங்குலம், உருளை அதே 7.8 மி.மீ., அகலம் 6.35 மி.மீ. ஆகவே 415-க்காக வெட்டிய பல்லில் அது உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதன் ஆணி சுமார் 3.6 மி.மீ. விட்டம்தான், 415 வகையின் ஆணி 4 மி.மீ.-ஐ ஒட்டியது. பார்வைக்குத் தடித்த செயினுக்குள் மெலிந்த ஆணி! அகலத்தால் புஷ் நீண்டு, ஆணியின் மெலிவால் பரப்பு குறைந்து, இரண்டும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். கூடுதல் ஆயுள் என்று பெரிதாக எதுவும் கிடைக்காது. கிடைப்பது ஒன்றே: அகலமான செயின் பல்லின் மீது பக்கவாட்டில் ஆட இடம் கொடுக்கும், சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லாவிட்டாலும் சகித்துக்கொள்ளும். சில எஞ்சின்களில் வெளிமூடியை உரசவும் செய்யும். சாதாரண சைக்கிள் செயினைப் போட நினைப்பவர்களுக்கு: அதன் உள் அகலம் 3.3 மி.மீ. எஞ்சின் சக்கரத்தின் பல் அதற்குள் நுழையவே நுழையாது.

ஓயாத அசைவு செயினை மெல்லத் தின்னும் என்றால், கோடு தவறுவது அதைச் சீக்கிரமே கொல்லும். கிட்டில் பின்பல்சக்கரம் ஸ்போக்ஸ் கம்பிகளின் மேல் ரப்பரை வைத்து ஒன்பது போல்ட்டால் இறுக்கப்படுகிறது. ஒரு போல்ட்டைக் கூடுதலாக இறுக்கினால் சக்கரம் கோணும். ஒவ்வொரு சுற்றிலும் செயின் இடமும் வலமும் இழுபடும். தளர்வை எடுப்பதற்காகச் சட்டத்தில் மாட்டும் உருளை டென்ஷனர் இன்னும் ஆபத்து. அதிர்வில் அது தளர்ந்து சுழன்று ஸ்போக்ஸுக்குள் போனால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே நின்றுவிடும். "செயின் அறுந்தது" என்று சொல்லப்படுபவற்றில் பல இந்த இரண்டின் விளைவுகள். பல்லின் மேலே ஏறி நசுங்கி, தகடு வளைந்து, செயினின் இரு முனைகளை இணைக்கும் லாக் கழன்று, கடைசியில் அறுவது செயின் என்பதால் பழியும் அதன் மேல் விழுகிறது.

இந்தத் தொல்லை புதிதில்லை. 1903 நவம்பரில் வட கரோலினாவின் மணல்மேட்டில் ரைட் சகோதரர்கள் தங்கள் விமானத்தோடு இதே பாடுதான் பட்டார்கள். ஒரே எஞ்சினிலிருந்து இரண்டு உந்துவிசிறிகளைச் சுழற்ற, சைக்கிள் கடைக்காரர்களான அவர்கள் நாடியது செயினைத்தான். இண்டியானாபொலிஸ் நகரத்து டைமண்ட் நிறுவனத்தின் செயின். விசிறிகள் எதிரெதிராகச் சுழல வேண்டும் என்பதால் ஒரு செயினை எட்டு வடிவில் குறுக்காகப் போட்டு, உதறாமலிருக்கக் குழாய்க்குள் ஓடவிட்டார்கள். செயின் தாங்கியது. கரடுமுரடாக ஓடிய எஞ்சினின் உதறலில் பல்சக்கரங்கள்தான் தண்டிலிருந்து தளர்ந்துகொண்டே இருந்தன. தண்டுகளைச் சொந்த ஊரான டேட்டனுக்கு அனுப்பிச் சரிசெய்து வரவழைத்த பிறகும் தளர்ந்தன. கடைசியில் சைக்கிள் டயர் ஒட்டும் கெட்டிப் பசையை உருக்கி மரைகளில் ஊற்றி இறுக்கினார்கள். அதற்குப் பின் தளரவில்லை. அந்த டைமண்ட் பெயர் பிற்பாடு கூட்டுத் தொழிலாகச் சென்னை அம்பத்தூருக்கும் வந்தது. கோயம்புத்தூரின் எல்ஜிபி நிறுவனம் ரோலான் என்ற பெயரில் செயின் செய்கிறது. செயின் தொழிலில் தமிழ்நாட்டுக்குச் சொந்தமான இடம் சிறியதல்ல.

எண்ணெய் விஷயத்தில் ஓர் ஆச்சரியம். 1999 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் சைக்கிள் செயினைச் சோதனைக்கூடத்தில் ஓட்டி, வெப்பம் காட்டும் கேமராவால் ஆற்றல் எங்கே வீணாகிறது என்று பார்த்தார்கள். மிகச் சிறந்த நிலையில் 98.6 சதவீத ஆற்றல் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. எண்ணெய் போட்டதும் போடாததும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காட்டவில்லை! ஆனால் அது தூசியில்லாத அறை. தெருவில் எண்ணெயின் வேலை ஆற்றலை மிச்சப்படுத்துவதைவிட ஆணியையும் புஷ்ஷையும் பிரித்து வைப்பது. வெளியே கெட்டியாகப் பூசிய கிரீஸ் அந்த இடத்தை எட்டுவதே இல்லை. மண்ணைப் பிடித்து வைத்து உப்புத்தாள் மாதிரி அரைக்கவே உதவும். மெல்லிய எண்ணெயைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவிட்டு, வெளியே இருப்பதைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

நம் ஊரில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நான்கு சக்கரத்துக்குக் குறைந்த, 25 சிசிக்கு மேற்படாத எஞ்சின் வண்டியை மோட்டார் வாகனக் கணக்கிலிருந்து விட்டுவைக்கிறது. 66 சிசி அந்த வரம்புக்குள் வராது. பதிவில்லாமல் சாலைக்குக் கொண்டுபோக முடியாது.

மாற்றலாமா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இது. முதலில் இரண்டு பல்சக்கரங்களும் ஒரே கோட்டில் ஓடுகின்றனவா, பின்சக்கரம் கோணாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். டென்ஷனரை அசையாதபடி கட்டுங்கள், அல்லது செயினின் கண்ணியைக் குறைத்து அதை அடியோடு தவிர்த்துவிடுங்கள். கிட் செயினில் பெயரோ எண்ணோ பதிக்கப்படாவிட்டால், அது புதிதாகவே இருந்தாலும் மாற்றிவிடுங்கள். 41 வேண்டாம், பெயர் பெற்ற நிறுவனத்தின் கனமான தகடு கொண்ட 415-எச் போதும். பெயருள்ள செயினாக இருந்தால் அளந்துகொண்டே ஓட்டலாம். 24 கண்ணி 306.3 மி.மீ. வந்தால் புதியதை வாங்கி வைத்துவிடுங்கள், 307.8 வந்தால் மாட்டிவிடுங்கள். முன்னாலிருக்கும் 10 பல் சக்கரத்தின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பல்லில் மாட்டிய புதுச்செயின் சீக்கிரமே பழசாகிவிடும். லாக் போடும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கட்டும்.